கால்விரல்களில் ஊசி குத்தினால்: காரணம் தேடுவதும் பாதத்தைக் காப்பதும்

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலிருந்து, உள்முற்றத்தைச் சூழ்ந்த வளவு வரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், இரண்டடிக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளிகள் கிடந்தன. குங்குமம் சிந்தியிருக்கிறது என்று எண்ணி ஈரத்துணியோடு குனிந்த ஆத்தா (எங்கள் அம்மா), அந்தப் புள்ளிகள் அப்பச்சியின் (அப்பாவின்) சாய்வு நாற்காலி வரைக்கும் போவதைக் கண்ட பிறகுதான் பதறினார். காலைத் தூக்கிப் பார்த்தால், வலது பெருவிரலுக்குச் சற்றுக் கீழே சீமைக்கருவேல முள் ஒன்று முறிந்து புதைந்திருந்தது. காலையில் கண்மாய்க் கரைப் பக்கம் போனபோது ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய முள் அது. அன்று பகல் முழுவதும் அதன் மேலேயே நடந்திருக்கிறார். அவருக்கு வலிக்கவே இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கால்விரல்களில் எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கிறது என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். தைலம் தேய்த்தோம், வெந்நீரில் கால் வைக்கச் சொன்னோம். சில மாதங்களில், "இப்பத்தான் நல்லா இருக்கு, ஊரலெல்லாம் நின்னு போச்சு" என்றார். நாங்களும் குணமாகிவிட்டது என்று நம்பினோம். உண்மையில் அப்போது நின்றது நோயன்று, உணர்ச்சிதான். நரம்பு பழுதடையத் தொடங்கும்போது, எதுவும் தொடாமலேயே மூளைக்குப் பொய்யான செய்திகளை அனுப்புகிறது; அதுவே குத்தலும் எரிச்சலும். பழுது முற்றும்போது செய்தியே போவதில்லை, அதுவே மரத்துப்போதல். ஆகவே காரணம் கண்டு மருத்துவம் செய்யாமல் தானாக நின்றுபோன குத்தலை நலத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் முதலும் முடிவுமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஏன் விரல் நுனியில் தொடங்குகிறது

கீழ்முதுகிலிருந்து புறப்பட்டுக் கால்விரல் நுனி வரை ஓடும் நரம்பிழைகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் உள்ளவை. உடலிலேயே மிக நீளமானவை. அவற்றுக்கு வேண்டிய சத்துப்பொருள்கள் முதுகருகே உள்ள நரம்பணுவிலிருந்து அந்தத் தொலைவு முழுவதையும் கடந்து வர வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தாலும், சத்துக் குறைந்தாலும், நஞ்சு சேர்ந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போல, முதலில் வாடுவது அந்தக் கடைசி நுனிதான். அதனால்தான் இரண்டு கால்களிலும் ஒரே அளவில் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மெல்ல மேலே ஏறுகிறது. முழங்கால் அளவை நெருங்கும்போது கைவிரல்களிலும் தொடங்குகிறது. இந்த ஒழுங்கு மருத்துவருக்கு மிகப் பெரிய குறிப்பு. மாறாக ஒரு காலில் மட்டும், அல்லது இரண்டு விரல்களுக்கு இடையில் மட்டும் குத்தல் இருந்தால், உடல் முழுவதற்குமான காரணத்தைத் தேடுவதற்கு முன், நரம்பு எங்கேனும் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது கால் மரத்து, உதறியதும் ஓரிரு நிமிடங்களில் தெளிவது எல்லாருக்கும் நேர்வது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் வருவது, இரவில் கூடுவது, போர்வை பட்டாலே எரிவது, பஞ்சின் மேல் நடப்பது போல் தோன்றுவது, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போவதற்கு முன், எந்த விரலில் எப்போது தொடங்கியது, ஒரு காலா இரு காலா, எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது, என்னென்ன மாத்திரைகளை எத்தனை ஆண்டுகளாக உட்கொள்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். முறையாகச் சுத்தி செய்யாத உலோக மருந்துகளில் ஈயமோ பாஷாணமோ தங்கியிருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

காரணங்கள்

முதற்காரணம் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் நரம்புப் பாதிப்பு வரக்கூடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்துவிடுவதால், நோய் கண்டறியப்படும் நாளிலேயே சிலருக்குக் கால் மரத்துப் போயிருக்கும். ஆகவே அன்றே பாதத்தைச் சோதித்து, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காட்டை எட்டினால் சர்க்கரை நோய் எனக் கொள்வார்கள், 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அந்த நிலையிலேயே சிலருக்குக் குத்தல் தொடங்கிவிடுவதுண்டு. எங்கள் பக்கத்து விருந்துகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கவுனி அரிசி கறுப்பரிசிதானே, சர்க்கரையை ஏற்றாது என்று பலர் துணிந்து சாப்பிடுகிறார்கள். அரிசி கறுப்பானாலும், அதோடு சேரும் சீனியும் நெய்யும் தேங்காயும் மாறிவிடுவதில்லை. ஒரு கரண்டி போதும்.

சர்க்கரை இருக்கிறது என்பதற்காக, காலில் தோன்றும் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடுவதும் தவறு. அடுத்து நிற்பது பி12 வைட்டமின் குறைவு. இதைக் கண்டுபிடித்தால் ஈடுகட்ட முடியும் என்பதால் தவறவிடவே கூடாத காரணம் இது. இந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில்தான் இருக்கிறது. காய்கறியிலும் கீரையிலும் இல்லை. விரதமும் சைவ உணவுமாக இருந்து, பாலையும் குறைத்துக்கொண்ட வயதான ஆச்சிமார்களுக்கு இது குறைவது இயல்பு. அதோடு, சர்க்கரைக்கு முதல் மருந்தாகத் தரப்படும் மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டாலும், வயிற்றெரிச்சலுக்கான அமிலக் குறைப்பு மாத்திரையை விடாமல் போட்டாலும், பி12 உடலில் சேர்வது குறைகிறது. அதற்காக மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பி12 அளவைச் சோதித்து, குறைந்திருந்தால் ஊசியாகவோ மாத்திரையாகவோ சேர்த்துக்கொண்டு மெட்ஃபார்மினைத் தொடரலாம். இரத்தசோகை இல்லையே என்றும் அலட்சியம் கூடாது. சோகை தெரிவதற்கு முன்பே நரம்பு கெடலாம். தாமதித்தால் இழந்த உணர்ச்சி முழுவதும் திரும்பாமல் போகலாம்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கால் மரத்தால் மருந்துக்கடைக்குப் போய் "நரம்புக்கு மாத்திரை" என்று கேட்டு வாங்கிப் போடுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. சோதனைக்கு முன்பே பி12 கலந்த மாத்திரையைத் தொடங்கிவிட்டால், பிறகு எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் உண்மையான குறைவு தெரியாமல் போகும். மேலும் அத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் பி6 வைட்டமின் மிக அதிக அளவில் சேர்க்கப்பட்டிருக்கும். அதை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை மரக்கச் செய்யும். மருந்து என்று எண்ணி உட்கொள்வதே நோய்க்குக் காரணமாவதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

மற்றக் காரணங்களையும் மருத்துவர் வரிசையாகப் பார்ப்பார். தைராய்டு சுரப்புக் குறைவு, நாட்பட்ட சிறுநீரக நோய், நெடுங்காலக் குடிப்பழக்கம் ஆகியவை அவற்றுள் அடங்கும். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரை உடலில் பி6-ஐக் குறைப்பதால் கூடவே பி6 தருவார்கள்; அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விழுங்குவோர் உண்டு. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளாலும் விரல்கள் மரக்கும். அவ்வாறு தொடங்கியதும் அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்ற வழியுண்டு. தோலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்வற்ற படை ஒன்று இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது, முழுவதும் குணமாகக்கூடிய நோய் அது, கூசி ஒளிப்பதால் விளைவது ஊனம் மட்டுமே. இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக ஒரு காலில் மட்டும் மின்னல்போல் இறங்கினால் முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கலாம். உட்பக்கக் கணுக்காலுக்குக் கீழே நரம்பு நசுங்கினால் உள்ளங்காலில் எரிச்சல் வரும். மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையில் மட்டும் குத்தினால், நுனி குறுகிய காலணியை முதலில் மாற்றிப் பார்க்கலாம். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால், அது நரம்பைவிட இரத்தக்குழாய் அடைப்பைக் காட்டுவது. புகைப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. குத்தல் சில நாள்களிலேயே விறுவிறுவென மேலே ஏறி, மாடிப்படி ஏற முடியாதபடி கால் தளர்ந்தால் அது உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாக இருக்கலாம்; மூச்சுத் தசைகளையும் அது தாக்கக்கூடும். திடீரென ஒரு பக்கக் கை, கால் மரத்து வாய் கோணினாலோ, முதுகுவலியோடு இருக்கையில் படும் பகுதி மரத்துச் சிறுநீர் கழிப்பது தடைப்பட்டாலோ, காலில் புண் கறுத்தாலோ, காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலோ, 108-ஐ அழைத்துவிடுங்கள். வலியே அதிகமில்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகச் சிவந்து வீங்குவதும் அவசரந்தான். மரத்த பாதத்தின் எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், அதன் மேல் நடக்க நடக்கப் பாதத்தின் வடிவமே மாறிவிடும்.

சோதனைகள்

பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி, பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகிய எளிய சோதனைகளே காரணத்தைக் காட்டிவிடும். மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டும், விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார். ஐயம் இருந்தால் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு மதுரை போன்ற ஊர்களில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். எரிச்சல் கடுமையாக இருந்தும் அந்தச் சோதனை இயல்பு என்று வந்தால், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று பொருளாகாது. மெல்லிய நரம்பிழைகளின் கேட்டை அது காட்டுவதில்லை.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கால் மரத்தவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவும் கூடாது, தட்டவும் கூடாது. தொடும்போது வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ அவருக்குத் தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்பச்சிக்கு முள் எடுத்துக் கட்டுப் போட்ட மறுவாரம் நான் இதைச் செய்து பார்த்தேன். நான் ஆறாவது விரலையும் தொட்டு முடித்த பிறகு, "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்டார்.

எரிச்சலோடு வாழ்வது

மூல காரணத்தைச் சரிசெய்வதே முதல் மருந்து. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நோய் மேலே ஏறுவது தடைப்படும். ஆனால் பல ஆண்டு ஏறிக்கிடந்ததை ஓரிரு மாதங்களில் மிக வேகமாக இறக்கினால் எரிச்சல் சில காலம் கூடுவதும் உண்டு என்பதால், படிப்படியாக இறக்குவதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு எரிச்சலுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை; தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் ஆகியவையே பொதுவாகப் பயன்படுத்தப்படுபவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், தூக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு முதலிரண்டின் அளவைக் குறைக்க வேண்டும். புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்கு அமிட்ரிப்டிலின் சிறுநீரை அடைக்கக்கூடும். எதையும் திடீரென நிறுத்தக் கூடாது. இவை மரத்த உணர்ச்சியைத் திருப்பித் தருவதில்லை, எரிச்சலை மட்டுமே குறைக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது.

இரவில் போர்வை பட்டால் எரிகிறவர்கள் கால்மாட்டில் ஒரு முக்காலியையோ கவிழ்த்த அட்டைப்பெட்டியையோ வைத்து அதன் மேல் போர்வை படியச் செய்யலாம். எரிச்சல் தாளாமல் ஐஸ்கட்டியில் கால் வைப்பதும், மரத்துவிட்டது என்று வெந்நீர்ப் பையை வைப்பதும் ஒன்றுக்கொன்று குறைந்த கேடல்ல. நாங்கள் அப்பச்சியை வெந்நீரில் கால் வைக்கச் சொன்ன நாள்களை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. தோல் வெந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

பாதத்தைக் காப்பது

உணர்ச்சி செய்த வேலையை இனிக் கண்தான் செய்ய வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், விளக்கு வைத்த பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது, உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு மூன்றையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேல் காலைக் காட்டலாம். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளுத்துப்போன விரலிடுக்கு, புதிய கொப்புளம், சிவந்த இடம், ஆணிக்கால், காலுறையில் கறை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே கவனிக்க வேண்டும். இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்தி, குதிகாலிலும் உள்ளங்காலிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைக் குடைய வேண்டாம். ஆணியை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பட்டையை ஒட்டுவதும் மரத்த காலுக்கு ஆகாது.

செருப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேல்பகுதி மெத்தென்றும் அடிப்பகுதி முள் ஏறாதபடி உறுதியாகவும் இருக்கும் எம்சிஆர் (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு, பின்வார் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது அளவு பாருங்கள். விரலிடுக்கில் பிடிக்கும் ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அது கழன்றாலும் தெரியாது, எங்கள் மண்ணில் எங்கும் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளும் அதில் எளிதாக ஏறிவிடும். ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்பும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள் நடக்கவும் தனியாக ஒரு சோடி இருக்கட்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் வேறு சில கவனங்களும் தேவை. வழுவழுப்பான ஆத்தங்குடித் தரை ஈரமானால் நல்ல காலுக்கே வழுக்கும். தரையை உணராத கால் நிலைகொள்ளாது. இருட்டில் கண்ணின் துணையும் போய்விடுவதால், வளவின் முற்றத்து விளிம்பிலும் உயர்ந்த நிலைப்படிகளிலும் விழுவது இரவில்தான் அதிகம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சிறு விளக்கு எரியட்டும், நிலைப்படி ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டுங்கள், எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து எழுங்கள். பகலில், தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பத்து முறை, விரல்களைத் தூக்கிப் பத்து முறை நிற்பது கணுக்கால் தசைகளை வலுப்படுத்தும்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையார்பட்டியாயினும் குன்றக்குடியாயினும், கருங்கல் தளம் காயுமுன் காலையிலோ, ஆறிய பின் மாலையிலோ போகலாம். கயிற்றுப் பாய் விரித்த வழியில் நடக்கலாம், அனுமதிக்கும் கோயில்களில் கனத்த பருத்திக் காலுறை அணியலாம். சித்திரை நடுப்பகலில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தாலே மரத்த உள்ளங்கால் கொப்பளித்துவிடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது எங்களவர்களுக்கு உயிரோடு கலந்த வழக்கம். ஆனால் உணர்ச்சி குறைந்த காலோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலாக நடப்பதை எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார். பாதத்தில் புண்ணோ, முன்பு ஆறிய புண்ணின் தழும்போ இருந்தால் அந்த ஆண்டு வண்டியில் போய் மலையடிவாரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். மருத்துவர் ஒப்பிய பிறகு நடப்பதானால், சில மாதங்கள் போட்டுப் பழகிய காலணியோடும், தையல் உறுத்தாத, நாளொன்றுக்கு இரண்டு சோடி மாற்றுக் காலுறையோடும் புறப்படுங்கள். புதுக் காலணியை அன்றைக்கென்று வாங்காதீர்கள். ஒவ்வொரு தங்கலிலும் சாப்பாட்டுக்கு உட்காருமுன் காலணியையும் காலுறையையும் கழற்றி, கூட வருபவரிடம் கைவிளக்கைக் கொடுத்து இரண்டு உள்ளங்கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கண்டால் குத்தி உடைக்காமல், சுத்தமான துணியால் மூடிக் கட்டி, அங்கேயே நடையை நிறுத்திவிடுங்கள். அப்பச்சி சென்ற ஆண்டு அப்படித்தான் பாதி வழியில் காரில் ஏறினார். பத்து நாளில் கால் ஆறியது.